டிஸ்க் போடாத மெஷின்

இருந்தவர்கள் மூவர். கடை முதலாளி குராமோச்சி கல்லாவுக்குப் பின்னால், பேனாவும் தாளுமாக. அவர் மனைவி சனாயே ஹீட்டர் பக்கத்து முக்காலியில். பத்து வருஷ வாடிக்கையாளரான பஸ் டிரைவர் நெமோதோ வாசலை ஒட்டிய நாற்காலியில், மடியில் துணிப்பையோடு. இடம்: ஜப்பானில் இதோய்காவா ஊர், வீடியோ கேம் கடை. 2009 நவம்பர், மதியம்.

குராமோச்சி: ...வாசிக்கிறேன், கேளுங்க. "மொத்த வியாபாரி அவர்களுக்கு. தாங்கள் அனுப்புவதாகச் சொன்ன கையில் வைத்து ஆடும் புது கேம் மெஷின் ஆறும் எங்களுக்கு வேண்டாம்."

சனாயே: வேண்டாம்னே எழுதிட்டீங்களா? வருஷக் கடைசிச் சரக்கை நிறுத்திட்டாங்கன்னா?

குராமோச்சி: நிறுத்தட்டும். அதுல டிஸ்க் போட ஓட்டையே கிடையாது, சனாயே. கேமெல்லாம் இணையத்துல இறக்கிக்கணுமாம். அதை வாங்கிட்டுப் போறவர் மறுபடி எதுக்கு நம்ம படியேறுவார்?

நெமோதோ: ஓட்டையே... இல்லையா...

குராமோச்சி: என்ன நெமோதோ-சான், இப்படி வேர்க்குது?

நெமோதோ: ஹீட்டர்... சூடு ஜாஸ்தி.

சனாயே: ஹீட்டர் என் பக்கத்துல இருக்கு. எனக்கே குளிருது.

குராமோச்சி: பயம் எனக்குந்தான். மூணு நாளாத் தூக்கமில்ல. மேல கேளுங்க: "எங்கள் வாடிக்கையாளர் ஒருவர்கூட அதை வாங்க மாட்டார். ஆடி முடித்ததை எங்களிடமே விற்று வேறு வாங்கிப் போகிறவர்கள் அவர்கள். இதில் விற்கவும் வழியில்லை, இரவல் கொடுக்கவும் வழியில்லை." சாட்சிக் கையெழுத்தா உங்க முத்திரையைக் குத்துங்க, நெமோதோ-சான்.

நெமோதோ: என்... என் முத்திரையா? நான் வெறும் பஸ் டிரைவர்...

சனாயே: குத்துங்களேன். முடியாதுன்னு சொல்லத்தான் உங்களுக்கு வராதே.

நெமோதோ: ...குத்திட்டேன்.

சனாயே: கோணலா விழுந்திருக்கு.

குராமோச்சி: பரவாயில்ல. இதோ, உறையை ஒட்டியாச்சு. ஓடு சனாயே, தபால் வண்டி வந்திடும்...

சனாயே: ...வாசல் தபால் பெட்டியில போட்டுட்டு வந்துட்டேங்க. வண்டியும் எடுத்துட்டுப் போயிடுச்சு.

குராமோச்சி: அப்பாடா. சொல்லுங்க நெமோதோ-சான், கையில என்ன, லைசென்ஸா?

நெமோதோ: பழைய டிஸ்க் விற்க அதைக் காட்டணுமே... பையில நாற்பத்திமூணு இருக்கு. எல்லாமே.

குராமோச்சி: எல்லாமேயா? ஏன்?

நெமோதோ: மன்னிச்சிடுங்க. போன வாரம் ஸ்டேஷன் பக்கத்துப் பெரிய கடையில... அந்த மெஷினை நான் வாங்கிட்டேன். இதெல்லாம் அதுல ஓடாது.

குராமோச்சி: ஐயோ... சனாயே, கடிதம் போயிடுச்சே! என்ன நீ, சும்மா நிக்கிறே?

சனாயே: அவர் வாங்கினப்போ நானும் அங்கதான் நின்னேன், வேலை இருக்கான்னு கேட்க. இப்பப் பெட்டியில ரெண்டு உறை போட்டேங்க. ஒண்ணு நம்ம கடிதம். இன்னொண்ணு அந்தக் கடைக்கு என் விண்ணப்பம்.