ஆறாயிரத்து நாற்பத்து மூன்றாவது சிறகடிப்பு

உங்கள் மின்விசிறி ஆடுகிறது, ஐயா. மேலே ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கும். ஆளைவிட்டு முடுக்கச் சொல்லுங்கள், நாலு நிமிட வேலை. யார் தலையிலாவது விழுந்த பிறகு வருத்தப்பட்டு என்ன பயன்?

தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். உடைந்த போல்ட் உங்கள் மேசையில் கிடக்கிறது. அது புதிதில்லை என்று நீங்களே கண்டுபிடித்தும் விட்டீர்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வண்டியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும்.

சாதாரண விமானத்தின் இறக்கை சும்மா நீட்டிக்கொண்டு நிற்கும். நாங்கள் கட்டியது பறவை மாதிரி இறக்கையை அடித்துப் பறப்பது, அதுவும் உள்ளே ஆள் உட்கார்ந்து. காக்காய்க்கு அது ஒரு விஷயமே இல்லை. மனிதன் எடைக்குப் பன்னிரண்டு மீட்டர் இறக்கை வேண்டும். நிமிடத்துக்கு எழுபது தடவை அதைத் தூக்கி அடிக்கும்போது, மொத்தப் பாரமும் இறக்கை உடலோடு சேருகிற மூட்டில், கட்டைவிரல் தடிமனுள்ள ஒரே ஒரு போல்டில் வந்து இறங்கும். தடிமனைக் கூட்டினால் வண்டி எழும்பாது. குறைத்தால் ஒடியும். பதினொரு வருடம் என் உயிரை வாங்கியது அந்த போல்ட்தான்.

தரையில் மணல் மூட்டையை ஏற்றி அடித்துப் பார்த்தோம். மூன்று தடவையும் ஆறாயிரத்தை ஒட்டித்தான் ஒடிந்தது. அதில் பாதியைத் தம்பி விதியாக்கிவிட்டான்: மூவாயிரம் சிறகடிப்பு ஆனதும் போல்டை மாற்ற வேண்டும். எண்ணிக்கை காட்ட மூட்டுக்கு அருகே ஒரு மீட்டர் வைத்தான். அதை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவான். பயந்தாங்கொள்ளி என்று நினைக்காதீர்கள். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

படம் பிடிக்க வந்தவர்கள் எல்லாரும் அவனைத்தான் பிடித்தார்கள். ஓட்டுகிறவன் முகம்தானே எடுபடும். ஒரு தடவை என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள், அவன் மேல் என் நிழல் விழுகிறதாம். அன்று கொஞ்சம் எரிச்சலாக இருந்தது உண்மை. ஆனால் நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. தேதிகூட நினைவில்லை, ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றே கால் இருக்கும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் எண். மணல் மூட்டை வைத்த இடத்தில் இருக்கும். ஆள் அப்படியில்லை. ஒவ்வோர் அடிக்கும் உடம்பு குலுங்கும், கை தன்னையறியாமல் பிடியை இழுக்கும், அந்த இழுப்பும் போல்டில்தான் போய்ச் சேரும். ஆளோடு பறந்தால் எத்தனையாவது அடியில் ஒடியும் என்று யாருக்கும் தெரியாது. அது தெரியாமல் அடுத்த வண்டியை எப்படிக் கட்டுவது, நீங்களே சொல்லுங்கள்.

அதனால் மூவாயிரத்தில் போல்டை மாற்றவில்லை. மாற்றியதாகச் சொல்லி மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்தேன்.

அன்று காலை அவன் மீட்டரைக் குனிந்து படித்தான். "ரெண்டாயிரத்து அறுநூறு. அடுத்த வாரம் மாத்திடலாம்ணா."

"மாத்திடலாம்டா," என்றேன். உண்மையில் அது ஐயாயிரத்து அறுநூறு.

அவன் மனைவி வேலியோரம் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். "மாமா, அவரைச் சீக்கிரம் எறக்கிடுங்க. வெயில் தாங்கல," என்றாள். ஒரு நாற்காலி கொண்டுவந்து அவளை நிழலில் உட்கார வைத்தேன்.

ஆறாவது நிமிடம் வாக்கிடாக்கியில் கூப்பிட்டான். "அண்ணா, எடது பக்கம் டிக்கு டிக்குனு ஒரு சத்தம். எறக்கிடவா?"

ஓடுபாதை அவனுக்கு நேர் எதிரே இருந்தது. காற்று இல்லை. அப்போதே இறங்கத் தொடங்கியிருந்தால் பத்து விநாடியில் தரையைத் தொட்டிருப்பான். என் கணக்கில் ஆறாயிரத்து இருபது.

"ஒண்ணுமில்லடா. இன்னொரு சுத்து வந்துட்டு எறங்கு."

"சரிண்ணா."

இறக்கை தனியாக வந்தது, அவன் தனியாக வந்தான். எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகுதான் ஓடினேன். பதற்றத்தில் மறந்துவிட்டால் எல்லாம் வீணாகிவிடும் அல்லவா? பார்க்கப்போனால் மணல் மூட்டைக்கும் அவனுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அவன் மனைவி என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். குழந்தைக்கு நான்தான் பெயர் வைக்க வேண்டுமாம்.

விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் என் பேச்சைத் தட்டியதே இல்லை, ஐயா. இந்தக் காலத்தில் அப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்ப்பான்? அந்த வகையில் நான் கொடுத்து வைத்தவன்.