அதிகாரமில்லாத ஜனாதிபதி

கொழும்புத்துறை மினிபஸ்ஸில் என் முன் இருக்கையில் சட்டம் படிக்கும் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“எங்கடை ஜனாதிபதிக்கு அதிகாரமே இல்லை, எல்லாம் பிரதமரின்ரை கையிலை எண்டு சோதினையிலை எழுதிப்போட்டன் மச்சான்.”

மிதிபலகையில் நின்ற நடத்துநரே திரும்பிப் பார்த்தார்.

“உனக்கென்ன விசரே?” என்றான் மற்றவன். “உதை எங்கை படிச்சனீ?”

“யூடியூப்பிலை. அதிலை ஒரு வாத்தியார் அரசியலமைப்பை நல்ல தமிழிலை விளங்கப்படுத்தினவர்.”

“அது இந்தியாச் சட்டமடா, இஞ்சை அதிகாரம் ஜனாதிபதியின்ரை கையிலைதான்! எங்கடை சட்டம் கிடக்கிற வெப்சைட்டைப் பாக்கிறதுக்கென்ன?”

“பாத்தனான். தமிழ் எண்டு போட்டிருக்கிற இடத்தை அமத்தினால் சிங்களத்திலை வருது.”

“அதெப்பிடி? தமிழும் அரசகரும மொழியெண்டு எங்கடை அரசியலமைப்பிலையே கிடக்கெல்லோ?”

“ஓம், கிடக்காம். அதை வாசிச்சுச் சொல்லத்தான் சிங்களம் தெரிஞ்ச ஒராளைத் தேடுறன்.”