பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி

டீ நன்றாக இருக்கிறது, சார்ஜென்ட். பால் ஒரு சொட்டு அதிகம், பரவாயில்லை. விமான நிலையங்களிலேயே குடித்துக் குடித்து என் நாக்கு செத்துப்போய்விட்டது. அந்தப் பதிவுக் கருவியை ஓடவிடுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். இருபத்தாறு வருஷமாக மென்பொருளில் பிழை தேடுவதுதான் என் வேலை. அதில் அவசரப்படுகிறவனுக்கு ஒன்றும் அகப்படாது.

பெயர் ரஸ்ஸல் பென்ஹாலோ. வயது ஐம்பத்து மூன்று. பிரிஸ்பேனில் தனியாக இருக்கிறேன். ‘ஆலா’ என்ற மென்பொருளை எழுதியவன் நான்தான். கரையே பார்க்காமல் நாள்கணக்கில் பறக்குமே, அந்தக் கடல் பறவையின் பெயர். சின்னப் படகில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் உள்ளங்கை அளவு கருவி ஒன்றைக் கையோடு கொண்டுபோவார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அது செயற்கைக்கோளுக்குச் சொல்லும். ஆலா அதை வாங்கிக் கரையில் இருப்பவர்களின் திரையில் ஒரு புள்ளியாக வைக்கும். இதை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தமும் அனுப்பலாம். டோங்காவிலும் சமோவாவிலும் பிஜியிலும் தன்னார்வ மீட்புக் குழுக்கள் நம்பியிருப்பது இதைத்தான்.

ஆலாவால் எனக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். கிறைஸ்ட்சர்ச், ஆப்பியா, பெர்த், நூமேயா. மாநாடுகளில் அடையாள அட்டை மாட்டிக்கொள்ளப் பேச்சாளர்களுக்கு மஞ்சள் கழுத்துப்பட்டை, கேட்க வருகிறவர்களுக்குச் சாம்பல் நிறம். என் வீட்டுக் கதவுக் கொக்கியில் பதினான்கு மஞ்சள் பட்டைகள் தொங்குகின்றன. என் மனைவி நோலீன் என்னை விட்டுப் போகும்போது சொன்னாள்: “ஏர்போர்ட்ல மட்டும்தான் ரஸ் நீ சிரிக்கிற. வீட்ல உன் மூஞ்சியப் பாத்தா, எனக்கே பிளைட்டுக்கு நேரமாயிருச்சோன்னு தோணுது.” அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பட்டைகளைத் தவிர எனக்கு வேறு வாழ்க்கை இருக்கவில்லை.

செலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செலா ஃபிஃபிட்டா, டோங்காக்காரி, ஆக்லாந்தில் இருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்னத் திருத்தம் அனுப்பினாள். பிறகு இன்னொன்று. ஆலாவை மாற்றுகிற சாவியில் பாதியை நானே அவள் கையில் கொடுத்தேன், யாரும் பிடுங்கவில்லை. அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. வயிறு மட்டும் எரியும். இந்த வருஷம் ஹோபார்ட் மாநாட்டிலிருந்து கடிதம் வந்தது. முதல் நாள் முதன்மை உரை செலா. ‘நீங்களும் வருவீர்கள்தானே ரஸ், உங்களுக்குப் பார்வையாளர் சீட்டு எடுத்து வைத்திருக்கிறோம்’ என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் எதை மாற்றினாலும் இன்னொருவர் படித்துப் பார்த்து ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டால்தான் அது உள்ளே போகும். ஜூலை பதினொன்றாம் தேதி, படகின் இடத்தைக் கணக்குப் போடும் பகுதியை முழுசாகத் திருத்தி எழுதிச் செலா எனக்கு அனுப்பினாள். கூடவே ஒரு குறிப்பு: “ரஸ், உங்க பழைய வீட்டைக் கொஞ்சம் பெருக்கித் துடைச்சிருக்கேன், திட்டாதீங்க. எதுக்குன்னே தெரியாத வரி ரெண்டு மூணு கெடந்துச்சு, தூக்கிட்டேன். சோதனை எல்லாம் பாஸ்.”

அப்படித் தூக்கியதில் ஒன்று நான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. பிஜிக் கடலில் நூற்று எண்பதாவது தீர்க்கரேகை ஓடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் கிழக்கு, அந்தப் பக்கம் மேற்கு. அதைக் கடக்கிற படகு ஒரு முழம் நகர்ந்தால்கூடக் கணக்கில் பூமியைச் சுற்றிக் குதித்த மாதிரி இருக்கும். ‘எந்தப் படகும் இப்படிக் குதிக்காது, இது கெட்ட தகவல்’ என்று மென்பொருள் அதை வீசிவிட்டுப் பழைய புள்ளியையே காட்டிக்கொண்டு நிற்கும். அதைத் தடுக்கத்தான் அந்த ஒரு வரி. ஏன் எழுதினேன் என்று நான் குறிப்பு வைக்கவில்லை. அதற்குச் சோதனையும், அதாவது அது சரியாக வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்க்கும் குட்டி நிரலும், எழுதவில்லை. செலாவின் சோதனைகள் எல்லாம் டோங்காவில் அவள் அப்பா ஊர்ப் படகுகளை வைத்து எழுதியவை. அவை அந்தக் கோட்டுப் பக்கமே போவதில்லை.

ஒரு காபி ஆறுவதற்குள் நான் அதைக் கண்டுபிடித்துவிட்டேன். ‘எதுக்குன்னே தெரியாத வரி’ என்று எழுதியிருந்தாளே, அதுதான் சுருக்கென்றது. சந்தேகம் வந்தால் முதலில் சோதனை எழுதுவது என் பழக்கம். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி வைத்து எழுதி ஓட்டினேன். சிவப்பு. தோல்வி. அதை ‘ஹோபார்ட்’ என்று பெயரிட்ட கோப்புறையில் போட்டு வைத்தேன். பிறகு செலாவின் திருத்தத்துக்குக் கீழே ‘பார்த்தேன். சரி. அருமையான வேலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, சார்ஜென்ட். அவள் பேசி முடித்ததும் கேள்வி நேரம் வரும். பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து, “செலா, ஒரு சின்னச் சந்தேகம்” என்று கேட்பேன். அரங்கம் முழுக்க என் பக்கம் திரும்பும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பதினோரு வாரம் பொறுத்தால் போதும். பிஜியின் லாவ் தீவுகளில் ஆலாவை வைத்திருந்தவை ஆறே படகுகள். போன வருஷம் ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டவில்லை என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டேன். நான் பொறுப்பில்லாதவன் இல்லை.

அந்த ஆறில் ஒன்று, மீனவர் அபகூகியின் படகு, மாநாட்டு வாரத்து ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் நின்று மேற்கே மிதக்கத் தொடங்கியது. அவர், மகன் விலியாமே, பத்தொன்பது வயது மகள் லோசேனா. திங்கள் பிற்பகல் கோட்டைத் தாண்டினார்கள். திரையில் அவர்கள் புள்ளி ஒரு பவளப் பாறைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது. படகு பாறையில் தட்டி நிற்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? மீட்கப் போனவர்கள் அந்தப் பாறையையே சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

புதன் காலை பத்து நாற்பதுக்கு, மெல்போர்ன் விமான நிலையத்தில், குழு அரட்டையில் செலாவின் செய்தியைப் பார்த்தேன். ‘புள்ளி நிற்கிறது, படகு அங்கே இல்லை, தயவுசெய்து யாராவது பாருங்கள்.’ நான் பார்த்தேன். ஆலா வீசியெறிந்த தகவல்கள் ஒரு குப்பைக் கோப்பில் சேரும், அதைத் திறந்தேன். படகு மேற்கே போய்க்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி, ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. என் விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. பதினாறு புள்ளிகள் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் அப்போதே எழுதவில்லை என்று கேட்பீர்கள். அரட்டையில் எழுதினால் அது அரட்டையில் ஒரு வரி. நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள், மத்தியானத்துக்குள் மறந்துவிடுவார்கள். என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

ஹோபார்ட்டில் மாநாட்டு மண்டபத்தின் இடைவழியில் செலா தரையில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். யாராவது இப்படித் திணறினால் இன்னொருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து கூடச் சேர்ந்து தேடுவது எங்கள் பழக்கம். நானும் உட்கார்ந்தேன். வரும் வழியில் அவளுக்குச் சிப்பிக் கறியை மாவில் அடைத்துச் சுட்ட ‘பை’ ஒன்று வாங்கியிருந்தேன்.

“ரஸ், நல்லவேளை வந்தீங்க. மூணு பேரு இருக்காங்க அந்தப் படகுல. பாறைல யாருமே இல்லையாம். எனக்குக் கண்ணே தெரியல, ரஸ், எழுத்தெல்லாம் ஆடுது.”

“முதல்ல சாப்பிடு.”

“ஐயோ, இப்ப எதுக்குங்க சாப்பாடு? நான் ஜூலைல மாத்தினேனே, அந்த எடத்துலதான் ஏதோ… நீங்க ஒரு தடவை பாருங்களேன்.”

“அதைத்தான் அப்பவே பாத்தேனேம்மா. கையெழுத்தும் போட்டேன். அது சரியாத்தான் இருக்கு.”

“நிஜமாவா?”

“செயற்கைக்கோள் கம்பெனிக்காரனைக் கூப்பிடு. அவன் பக்கம் தகவல் தேங்கி நிக்குது போல.”

அவள் என் தோளில் தலையைச் சாய்த்து ஒரு மூச்சு விட்டாள். “நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். நாலு மணி நேரம் அந்தக் கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கட்டினாள். அவள் தொடாததால் பை ஆறி வீணாய்ப்போனது. அதுதான் எனக்கு வருத்தம்.

மாலை ஆறு மணிக்கு மாநாட்டை நடத்துகிற கெர்ரின் என்னைத் தேடி வந்தாள். “செலா நாளைக்குப் பேச மாட்டாளாம். பாவம், அவ இருக்கிற நிலைமைல மேடை ஏறினா விழுந்துருவா. நீ ஏறிர்றியா ரஸ்? ஒன்பதரை மணி. உனக்கென்ன, வாய்க்கா பஞ்சம்?” என்று சிரித்துக்கொண்டே என் கழுத்திலிருந்த சாம்பல் பட்டையைக் கழற்றிவிட்டு மஞ்சளை மாட்டினாள். அவள் போன பிறகு கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். அழுதேன் என்று சொன்னால் நம்புவீர்களா? அழுதேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம், ஆமாம். ஆனால் காலையில் எப்படியும் சொல்லத்தானே போகிறேன். மூன்று நாள் தாங்கியவர்கள் இன்னொரு ராத்திரி தாங்க மாட்டார்களா என்று நினைத்தேன்.

வியாழன் காலை பத்து ஐந்துக்கு அந்தச் சோதனையைப் பெரிய திரையில் போட்டேன். சிவப்பு. பழைய வரியைத் திரும்பச் சேர்த்து ஓட்டினேன். பச்சை. இன்னொருவர் கையெழுத்து வேண்டுமே. கடைசி வரிசையிலிருந்து செலா ஓடிவந்து ‘சரி’ என்று போட்டாள். திரையில் புள்ளி பாறையை விட்டு மேற்கே தாவியது. நானூறு பேர் எழுந்து நின்றார்கள். செலா என்னைக் கட்டிக்கொண்டு, “நீங்க இல்லன்னா என்ன பண்ணியிருப்பேன் ரஸ்” என்று தேம்பினாள். அந்த ஐந்து நிமிடத்தை யாரும் என்னிடமிருந்து எடுத்துவிட முடியாது.

பிற்பகல் மூன்று மணிக்கு மீட்பு விமானம் படகைக் கண்டுபிடித்தது. புதன் பிற்பகல் அலையில் கவிழ்ந்திருக்கிறது. கவிழ்ந்த படகின் முதுகில் லோசேனா மட்டும் கிடந்தாள். புதன் மாலை அப்பாவின் கை நழுவிவிட்டது. வியாழன் விடிகாலையில் அண்ணன். நான் மெல்போர்னில் அந்தக் கோப்பைத் திறந்தபோது மூவரும் உயிரோடு படகில் உட்கார்ந்திருந்தார்கள். ஆமாம், சார்ஜென்ட், படகு எங்கே என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் மூடி வைத்தேன். இதைத்தானே எழுதிக்கொள்ள வேண்டும், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பழக்கம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. நான் எழுதுகிற சோதனை ஒவ்வொன்றும், எழுதிய தேதியைத் தலையில் போட்டுக்கொள்ளும். சாயங்காலம் செலா என் உரையின் பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறாள், எனக்கு நன்றிக் கடிதம் எழுதுவதற்காக. பிறகு விடுதி வாசலில் வந்து போனை நீட்டினாள்.

“இது என்ன தேதி ரஸ்?”

கடிகாரக் கோளாறு என்றேன்.

“ஜூலை பதினொண்ணு. சோதனை எழுதி, சிவப்பு வந்ததைப் பாத்துட்டு, அப்புறம் எனக்குச் சரின்னு போட்டிருக்கீங்க. நேத்து என் பக்கத்துலயே உக்காந்து பை வேற குடுத்தீங்க.” குரலை உயர்த்தவில்லை. “என் அப்பா வயசு உங்களுக்கு” என்று மட்டும் சொன்னாள். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

பதிவேட்டைப் பாருங்கள். எந்த வரியை யார் தொட்டார்கள் என்று அதில் இருக்கும். வரியை எடுத்தவர் செலா. திரும்ப வைத்தவன் நான். நான் ஒரு வரிகூடத் தப்பாக எழுதவில்லை.

டீக்கு முன்னால் நீங்கள் படித்துக் காட்டினீர்களே, அந்தப் பெண்ணின் வாக்குமூலம், அதுதான் மனசில் நிற்கிறது. கருவியை அப்பா அவள் கழுத்தில் கட்டிவிட்டாராம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பச்சை விளக்கு மின்னும்போதெல்லாம், “பயப்படாதம்மா, அங்க யாரோ நம்மளப் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். இப்போது அவள் அப்பா பொய் சொன்னார் என்று அழுகிறாளாம். அவளிடம் யாராவது சொல்லுங்கள், சார்ஜென்ட், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.