மூணு வருசம் தள்ளிப்போன ஊட்டி

ஆடி மாச மழையில் யாராவது ஹனிமூனுக்கு ஊட்டி போவார்களா? திருப்பூரிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் என் முன் சீட்டு அக்கா போகிறார், பனியன் கம்பெனி டெய்லர் கணவரோடு.

"சீசன்ல கூப்பிட்டா ஷிப்மெண்டும்பீங்க. கல்யாணமாயி மூணு வருசமாச்சுங்க."

"மழைல என்ன தெரியும், கண்ணு?"

"நீங்க தெரிவீங்கல்ல, போதும்."

கணவரின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"சூப்பர்வைசரு. அர்ஜென்ட் பீஸாமா. எறங்கீரலாமா?"

அக்கா போனைப் பிடுங்கினார்.

"ஏனுங்ண்ணா, நாங்க ஊட்டில இருக்கறமுங்க. திங்கக்கெழம வருவாருங்க!"

கட் செய்தார். கணவர் அலறினார்.

"இன்னும் அவிநாசியே வரலியே!"

"தைக்கறதுக்கு முன்னாடியே லோடு கெளம்பிருச்சுன்னு உங்க கம்பெனில, சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர்கிட்டச் சொல்றதில்லீங்களா? அதேதான்."

பின் சீட்டில் நான் விசில் அடிக்காத குறை.

இப்போது பஸ் அவிநாசியைத் தாண்டிவிட்டது. போன் அக்கா பையில் இருக்கிறது.