ஷெங் விட்டுக்கொடுத்த இடம்

உங்கள் பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தின் கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டு ஒரு கட்டம் இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் அதை அப்படியே விட்டுவிடுவார்கள், நீயும் விட்டுவிடு என்றார் எங்கள் கல்லூரி ஆலோசகர். காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. கல்லூரியின் பதிவேட்டு அலுவலகத்தில் மூன்று வருடமாகப் பகுதிநேர வேலை பார்க்கிறேன். நிரப்பாத படிவம் எதுவும் என் மேசையைத் தாண்டிப் போனதில்லை.

என் பெயர் கொரின் சில்வேரா, கூப்பிடுவது கோரி. வயது இருபத்துமூன்று. கலிஃபோர்னியாவின் நடுவே, பாதாம் தோப்புகளுக்கு மத்தியில் இருக்கிற ஒரு சின்ன இரண்டாண்டுக் கல்லூரியில் படிக்கிறேன். இங்கே படிப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கனவுதான். இரண்டு வருடம் முடித்துவிட்டு, பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டுக்கு மாறிப் போக வேண்டும். போன வருடம் நானும் உங்களிடம் கேட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. அதற்காக உங்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் கேட்கிற இடத்தில் முப்பது பேரை எடுக்கிறீர்கள். என் வருத்தமெல்லாம் ஷெங் வூ மேல்தான்.

ஷெங்கை உங்களுக்குத் தெரியும். போன வருடம் எங்கள் கல்லூரியிலிருந்து நீங்கள் எடுத்த ஒரே ஆள் அவள். கடைசியில் வராமல் போனவள்.

நுண்கணித வகுப்பில்தான் எங்களுக்குப் பழக்கம். அவளுக்குக் கணக்கு வராது. கல்லூரி வண்டி நிறுத்தத்தில், என் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து தினமும் ஒரு மணிநேரம் சொல்லிக்கொடுப்பேன். அவள் வீட்டிலிருந்து பசைச்சோறும், கடுகுக்கீரை வேகவைத்ததும், கண்ணில் நீர் வரவைக்கும் மிளகாய்த் துவையலும் கொண்டுவருவாள். லாவோஸ் மலைகளிலிருந்து இங்கே வந்து குடியேறிய மோங் இனத்துக் குடும்பம் அவர்களுடையது. அவளும் அம்மாவும் ஊருக்கு வெளியே குத்தகை நிலத்தில் பாகற்காய், பீர்க்கங்காய், எலுமிச்சம்புல் போட்டு, சனிக்கிழமைச் சந்தையில் விற்கிறார்கள். இரண்டு வருடம் அவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்றிருக்கிறேன். நான் நன்றி கெட்டவள் இல்லை.

விண்ணப்பம் போடுகிற காலம் வந்தது. வண்டியில் உட்கார்ந்து அவளிடம் வெளிப்படையாகவே பேசினேன்.

“ஒரே காலேஜ்லேருந்து ரெண்டு பேர எடுக்கவே மாட்டாங்க, ஷெங். நான் அங்க போடுறேன். நீ ஸ்டேட் யுனிவர்சிட்டிங்களுக்குப் போடு. அதான் நியாயம்.”

அவள் சோற்றை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். “நீ அங்க போயி என்னைய மறந்துடுவ பாரு,” என்றாள்.

அதுதான் எங்கள் ஒப்பந்தம். சரி என்ற சொல்லை அவள் சொல்லவில்லைதான். மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை மறுத்துப் பேசாதவள் ஒத்துக்கொண்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

மே மாதம் நடுவில் உங்கள் முடிவு வந்தது. என்னுடையதை அலுவலகக் கணினியில் திறந்து பார்த்தேன். பார்த்துவிட்டு, வரிசையில் நின்றிருந்த ஒரு பையனுக்கு மதிப்பெண் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ஷெங் வண்டிக்குள் ஏறி, கதவைச் சாத்தாமலே உட்கார்ந்திருந்தாள்.

“கோரி, ஒண்ணு சொன்னா அடிக்கக் கூடாது.”

“சொல்லு.”

“நானும் அங்க போட்டிருந்தேன். கெடைக்காதுன்னு நெனச்சுதான் போட்டேன். கெடச்சிருச்சு.”

நான் கை நீட்டி அவள் பக்கத்துக் கதவைச் சாத்தினேன்.

“உன் அப்ளிகேஷன் கட்டுரைய நாலு தடவ திருத்திக் குடுத்தேன்ல, அப்பவே எனக்கும் ஆச வந்துருச்சுடி. ரெண்டு பேரும் சேந்து போவோம்னு நெனச்சேன். ஏதாவது பேசேன், பயமா இருக்கு.”

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அவளைக் கட்டிக்கொண்டு வாழ்த்துச் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு வயிறு எரிந்தது. இந்த எரிச்சல் அவளுக்கும் ஒரு நாள் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அவசரத்தில் எடுத்த முடிவு என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதுதான் தீர்மானித்தேன்.

உங்கள் இடத்தை ஏற்றுக்கொள்வதாக அவளே பொத்தானை அழுத்தினாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவளை எடுத்திருந்த மற்ற நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் அன்றே வேண்டாமென்று எழுதிவிடச் சொன்னேன். வரப்போகாத ஆள் அடுத்தவர் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது முறையல்ல. அவள் நான்கையும் வரிசையாக மறுத்தாள். கடைசி ஒன்றில் கொஞ்சம் தயங்கினாள். “சும்மா அழுத்து,” என்றேன்.

ஜூனில் கல்லூரி முடிந்தது. ஷெங் அம்மாவோடு தோட்டத்துக்குப் போய்விட்டாள். அங்கே போனில் சிக்னல் வராது. விடிகாலையில் போனால் இருட்டும்போதுதான் வருவார்கள். உங்கள் இணையப் பக்கத்தில் அன்றாடம் ஏதாவது கேட்டபடி இருந்தீர்கள். தடுப்பூசி விவரம், விடுதி, கடைசிப் பருவ மதிப்பெண் எல்லாம்.

“என் பாஸ்வேர்டு உனக்குத் தெரியுமே, நீயே பாத்துக்கயேன்,” என்றாள். “இந்த வேலைதான உனக்குக் கைவந்த கலை. நான் ஏதாச்சும் ஒண்ண தப்பா அழுத்தித் தொலச்சா?”

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் இப்படித்தான் இடத்தை இழக்கிறார்கள். கடைசி மதிப்பெண் ஏறுமுன்பே சான்றிதழை அனுப்பிவிடுவார்கள், அல்லது தேதியைத் தவறவிடுவார்கள். நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். முதலில் அவள் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றி என்னுடையதைப் போட்டேன், எதுவும் தவறிவிடாமல் இருக்க.

பிறகு விண்ணப்பத்தோடு அவள் எழுதியிருந்த கட்டுரையைப் படித்தேன். அது அங்கேயே இருந்தது. ஒரு பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து தனக்கு நுண்கணிதம் சொல்லிக்கொடுத்த தோழியைப் பற்றி எழுதியிருந்தாள். படிப்பு என்றால் என்னவென்று அந்தத் தோழியிடம்தான் கற்றாளாம். அவளைப்போல ஆக வேண்டுமாம். அதைப் படிப்பதற்கு முன்னால் எனக்குள் கொஞ்சம் தயக்கம் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். படித்ததும் போய்விட்டது. என்னை விற்று உள்ளே போயிருக்கிறாள். நீங்கள் அவளை எடுத்ததே என் கதைக்காகத்தான். அதே என்னை, என் பெயரில் நான் கேட்டபோது வேண்டாம் என்றீர்கள்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி உங்களுக்கு அவள் பெயரில் எழுதினேன். குடும்பத்தில் அம்மாவுக்குத் துணை தேவைப்படுவதால் இடத்தை விட்டுக்கொடுக்கிறேன், வேறு யாராவது தகுதியானவருக்குக் கொடுங்கள் என்று எழுதினேன். மரியாதையாகத்தான் இருந்தது. நீங்களும் மரியாதையாகப் பதில் போட்டிருந்தீர்கள். அந்த இடம் எனக்கு வரும் என்று எதிர்பார்த்ததாக நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது வேறு காரணத்துக்காக.

வாரம் ஒருமுறை தோட்டத்துக்குப் போய் ஷெங்குக்கு விவரம் சொல்வேன்.

“ரூம் நம்பர் வந்துச்சா?”

“போற அன்னைக்கு மேசையில குடுப்பாங்களாம்.”

“அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. ரூம்ல ரைஸ் குக்கர் வெச்சுக்க விடுவாங்களான்னு.”

“விடுவாங்க. கேட்டுட்டேன்.”

ஆகஸ்டில், கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறன்று, அவர்கள் வீட்டில் நூல் கட்டினார்கள். வெளியூர் போகிறவரின் உயிர் கூடவே போக வேண்டும், வழியில் எங்கேயும் தங்கிவிடக் கூடாது என்பதற்காக மோங் வீடுகளில் செய்வது. முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். அவள் மாமா டோங், வேகவைத்த கோழியின் காலை எடுத்து விரல்கள் மடங்கியிருக்கிற விதத்தைப் பார்த்துக் குறி சொன்னார். வழி நன்றாக இருக்கிறதாம், தடங்கலே இல்லையாம். அதுவரை அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்பு இருந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்து ஷெங்கின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி ஒரு நல்ல வார்த்தை சொன்னார்கள். என் முறை வந்தது.

“போயி நல்லா இரு,” என்று சொல்லிக் கட்டினேன்.

“நீ அடுத்த வருஷம் வந்துரு கோரி. ரூம்ல உனக்கு எடம் வெச்சிருக்கேன்,” என்றாள்.

அவள் அம்மா எனக்கும் ஒரு நூல் கட்டிவிட்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் செய்கிற வேலையைக் கடைசிவரை நின்று பார்ப்பது என் வழக்கம். அவர்களோடு நானும் வேனில் ஏறினேன். நான்கு மணிநேரப் பயணம். மாமா ஓட்டினார். பின்னால் ஒரு மூட்டை அரிசி, போர்வைகள், ரைஸ் குக்கர். அவள் அம்மா புத்தாண்டுக்கு மட்டும் போடுகிற பூவேலைப் பாவாடை கட்டிக்கொண்டு, வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார்.

உங்கள் வாசலில் பந்தல் போட்டு, மேசை வைத்து, ஒரே நிறச் சட்டையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஷெங் பெயரைச் சொன்னாள். மேசையிலிருந்த பெண் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். மறுபடி பார்த்தாள். சிரித்துக்கொண்டே பக்கத்து மேசைக்கு அனுப்பினாள். அங்கேயும் இல்லை. ஷெங்கின் அம்மா அரிசி மூட்டையை இறக்கித் தரையில் வைத்து, அதைப் பிடித்தபடியே நின்றார்.

கடைசியில் அலுவலகத்துக்குள் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி நல்லவர். கணினியை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“நீங்கதானம்மா ஜூன்லயே வேணாம்னு எழுதியிருக்கீங்க. அந்த எடத்த அப்பவே வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டோம். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது.”

ஷெங் அந்தக் கடிதத்தை முழுக்கப் படித்தாள். அதன் கீழே இருந்த தொலைபேசி எண்ணையும் படித்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று தயாராக இருந்தேன். அதற்காகத்தான் நான்கு மணிநேரம் பயணம் செய்து வந்திருந்தேன். அவளோ வெளியே போய் அம்மாவிடம் அவர்கள் மொழியில் இரண்டு மூன்று வாக்கியம் பேசினாள். மாமா அரிசி மூட்டையைத் தூக்கி மறுபடி வேனில் வைத்தார்.

திரும்பும்போது ஷெங்கின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “பேப்பர் ஒண்ண அனுப்ப மறந்துட்டாளாம். அவ தப்புதான்னு சொல்றா. உன்ன மாதிரி சூதானமா இருந்திருக்கக் கூடாதா, பாரு.”

பெற்ற தாயிடமே அவளுக்குப் பொய் எவ்வளவு எளிதாக வருகிறது என்று நீங்களே பாருங்கள். என்னிடம் மறைத்தவள்தானே. எனக்கு ஆச்சரியமாக இல்லை.

பாதி வழியில் ஷெங் தன் மணிக்கட்டை வாயருகே கொண்டுபோய், அத்தனை நூல்களில் ஒன்றை மட்டும் பல்லால் கடித்து அறுத்து, ஜன்னலுக்கு வெளியே போட்டாள். அது என்னுடையதாக இருக்காது. முப்பது வெள்ளை நூலில் எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்? தளர்ந்துபோன ஏதோ ஒன்றாக இருக்கும்.

ஆக, உங்கள் பட்டியலிலிருந்து ஷெங் வூவை எடுத்தது நான்தான். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவளும் யாரிடமும் சொல்லவில்லை. நேர்மையான மாணவர்களைத் தேடுகிறோம் என்று உங்கள் இணையப் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறது. எத்தனை பேர் தாமாக முன்வந்து இப்படி எழுதுவார்கள்? பழி தீர்ந்துவிட்டது. எனக்கு இப்போது அவள் மேல் எந்தக் கோபமும் இல்லை. அவள் பாகற்காய் பறிக்கிறாள், சந்தைக்குப் போகிறாள். எந்தக் கல்லூரியிலும் பெயர் கொடுக்கவில்லை. நான் வாரா வாரம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

இந்த வருடப் படிவத்தில், விண்ணப்பிப்பவரை நன்றாக அறிந்த, கூடப் படித்த ஒருவரின் கடிதமும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நான் படிக்க மாட்டேன் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டேன். யாரிடம் கேட்பது என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. ஷெங் செடிகளுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள்.

“எப்ப அனுப்பணும்?” என்றாள்.

“மார்ச் ஒண்ணுக்குள்ள.”

“நான் என்ன எழுதுறேன்னு உன்னால பாக்க முடியாதுல்ல?”

“முடியாது.”

“அப்ப சரி. எழுதுறேன்.”

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்ததைப் பார்த்தேன். நான்கு பக்கம் வந்துவிட்டதாகப் போன வாரம் சொன்னாள். என்னைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல இந்த ஊரில் அவளை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?