கத்தாமல் போன சைக்கிள்

"சைக்கிள் போனதுகூடப் பெருசில்ல அண்ணாச்சி, அது கத்தாமப் போச்சே!" என்றார் பேருந்தில் என் முன் இருக்கையில் இருந்த இட்லி வியாபாரி.

கூட வந்தவர் திரும்பினார். "அலாரம் மாட்டித்தானல வச்சிருந்த?"

"ஆமா. தொட்டாலே தாராவி முழுக்கக் கேக்கும். ரிமோட் இருக்கவன்தான் சத்தமில்லாம எடுக்க முடியும். ஒண்ணு என் பாக்கெட்டுல இருக்கு."

"இன்னொண்ணு?"

"பொண்டாட்டியோட தம்பிட்ட."

"அவன்ட்டயே கேளேம்ல."

"கேக்க மாட்டேன். சுனாபட்டில அவன் வீட்டுச் சந்துல நின்னு பட்டனை அமுக்குவேன். சைக்கிள் அங்க இருந்தா கத்திரும்."

"கத்துனா என்னல செய்வ?"

சுனாபட்டி நிறுத்தம் வந்தது. வியாபாரி எழுந்திருக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை மகளுக்குக் காது குத்து அண்ணாச்சி. மடியில உக்கார வைக்க அவளுக்குத் தாய்மாமன்னு அவன் ஒருத்தன்தான் இருக்கான்."