ஸ்மரண்டாவின் வாசிப்பு நோட்டு

முட்டைக்கோஸ் ஊறுகாய் நாறும் நோட்டுகளை நான் எப்போதும் ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் திருத்துவேன். எங்கள் ஊரில் பிள்ளைகள் சமையலறை மேசையில் படிக்கிறார்கள், அந்த வாடை தாளில் ஏறிவிடுகிறது. இருபத்தாறு வருடமாக அதற்குப் பழகிவிட்டேன். பழக முடியாதது உள்ளே எழுதியிருப்பதுதான்.

உங்களுக்குத் தெரியாததா, சோரின்? இன்று போலீஸ் அதிகாரியாக என் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள், ஒரு காலத்தில் என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சு. ஒவ்வொரு கவிதைக்கும் ஓர் உரை உண்டு, அதை நெட்டுருப் போட்டால் தேர்வில் பாஸ். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டீர்கள், பிறகு அதையே என்னிடம் ஒப்பித்தீர்கள். "கவிஞர் இங்கே ஆன்மாவின் தீராத ஏக்கத்தைப் பாடுகிறார்." முப்பது நோட்டிலும் அதே ஏக்கம். அடுத்தவன் மென்று துப்பியதை எடுத்து வாயில் போட்டுக்கொள்வது போல இருக்கும் எனக்கு. சீ, இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது.

அதனால்தான் இந்த வருடம் வாசிப்பு நோட்டு வைத்தேன். படித்த கவிதை, கதை பற்றி உரை வேண்டாம், உனக்கு என்ன தோன்றியது என்று மட்டும் எழுது என்றேன். இருபத்தொன்பது பேர் "மிக அழகாக உள்ளது" என்று எழுதினார்கள். ஸ்மரண்டாவும் அப்படித்தான் எழுதினாள், அக்டோபர் வரை.

பதினாறு வயது. அம்மா வியோரிகா இத்தாலியில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். நம் ஊர் வீடுகளில் பாதி அப்படித்தானே. ஞாயிற்றுக்கிழமை இத்தாலியிலிருந்து நெலு ஓட்டிவரும் வேன் வரும், பார்சல் வரும். பெண் தங்கியிருந்த சித்தி வீட்டில் போன் கிடையாது, பார்சலையும் சித்தி பிரித்துவிடுவாள். அதனால் வியோரிகா என் பெயருக்கு அனுப்பினாள். டீச்சர் கையில் கொடுத்தால் பத்திரம் என்று நம்பினாள். அதில் தப்பில்லை, ஒரு சாக்லேட்கூடக் குறைந்ததில்லை.

முதல் தடவை மறதிதான், வேண்டுமென்று செய்யவில்லை. பார்சலைக் கொடுத்தேன், கடிதம் என் கைப்பையிலேயே தங்கிவிட்டது. அந்த வாரம் படிக்கத் தந்த கதையில், தூர தேசத்து மகன் அனுப்பிய கம்பளிக் கோட்டைப் பார்வையற்ற தகப்பன் தடவிப் பார்க்கிறான். ஸ்மரண்டா எழுதியிருந்தாள்: "அவன் கோட்டுப் பைக்குள் கைவிட்டுத் தேடினான். நானும் தேடினேன். என் புது ஸ்வெட்டரில் பை இல்லை. அதனால் கை மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன்."

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். அந்த நோட்டில் எந்த வாடையும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்ன ஆயிற்று? அடுத்த வாரம் "இந்தக் கவிதை மிக அழகாக உள்ளது." கடிதம் கைக்கு வந்ததும் அந்த எழுத்து போய்விட்டது. இரண்டாவது தடவை கடிதம் என் மேசை இழுப்பறைக்குப் போனது. மூன்றாவதும் போனது. அவள் அம்மாவுக்கு எழுதி, நெலுவிடம் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தவையும் அங்கேதான் போயின.

பிரித்துப் படித்தேனா என்று கேட்டீர்கள். படித்தேன். நல்லா சாப்பிடு, குல்லா போட்டுக்கோ, சித்திகிட்ட எதிர்த்துப் பேசாத. பதினொரு கடிதத்திலும் இதே புலம்பல். சிவப்புப் பேனா கையில் இருந்தது, பழக்கதோஷம், ஓரத்தில் பத்துக்கு மதிப்பெண் போட்டேன். நான்குக்கு மேல் எதற்கும் தேறவில்லை. அதைப் பார்த்துத்தான் நீங்கள் முகம் சுளித்தீர்கள். நோட்டைப் படித்திருந்தால் சுளித்திருக்க மாட்டீர்கள்.

பிப்ரவரியில் பள்ளி போனுக்கு வியோரிகா கூப்பிட்டாள்.

"டீச்சர், புள்ள ஏன் ஒரு வரிகூடப் பதில் போட மாட்டேங்கறா? எம்மேல கோவமா?"

"வயசுக் கோவம்தாம்மா. ஏப்ரல்ல தேசிய இலக்கியப் போட்டி இருக்கு. முடியட்டும், தானா சரியாயிடும்."

"லீவு சொல்லிட்டு ஒரு வாரம் வந்து பாத்துட்டுப் போகட்டுமா?"

"நீங்க இப்ப வந்து நின்னா அவ படிப்பு பாழாப் போயிடும். அப்புறம் உங்க இஷ்டம்."

கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரி டீச்சர். நீங்க பக்கத்துல இருக்கீங்க, எனக்கு அது போதும்."

பாருங்கள், அவள் சம்மதித்துத்தான் நடந்தது.

கடைசிக் கடிதம் ஏப்ரல் முதல் ஞாயிறு வந்தது. வயிற்றில் கட்டி, பதிமூன்றாம் தேதி ஆபரேஷன், அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணு கண்ணு, உன் குரலை ஒரு தடவை கேட்டுக்கறேன் என்று நம்பரோடு எழுதியிருந்தாள். போட்டி பதினான்காம் தேதி. நீங்களே சொல்லுங்கள், அந்த நிலையில் எந்த டீச்சர் கொடுப்பாள்? அதற்கு மட்டும் ஏழு போட்டிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள்.

ஸ்மரண்டா முதல் பரிசு வாங்கினாள். நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் அழுதேன். அம்மா முந்தின நாளே ஆபரேஷன் மேசையில் போய்விட்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு நெலுவின் வேனில் பார்சலுக்குப் பதில் சவப்பெட்டி வந்தது. அந்த ஆளுக்கு வாய் சும்மா இருக்காது. "உங்கம்மா லெட்டரை ஒவ்வொரு தடவையும் டீச்சர் கையிலதானே குடுத்தேன், ஒண்ணுக்காவது பதில் போட்டிருக்கலாமே பாப்பா" என்று கல்லறை வாசலிலேயே கேட்டிருக்கிறான்.

மறுநாள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். அழவில்லை. "எங்கம்மா லெட்டரைக் குடுங்க டீச்சர்."

இழுப்பறையைத் திறந்து கொடுத்தேன், தேதி வாரியாக நூல் கட்டிவைத்திருந்தேன். அவள் அங்கேயே நின்று ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சிவப்பு மதிப்பெண்களை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு விரலைப் பாவாடையில் துடைத்தாள், திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே இருந்தாள். தன் வாசிப்பு நோட்டைத் திறந்து ஏதோ எழுதி, மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். கடிதங்களோடு நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

என் மேசையிலிருந்து நீங்கள் எடுத்துவந்த அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தீர்களா? "படித்தபோது உனக்கு என்ன தோன்றியது?" என்ற என் கேள்விக்குக் கீழே ஒரே சொல் எழுதியிருக்கிறாள். அருவருப்பு. யார் சொல்லிக் கொடுத்தும் எழுதியதல்ல, எந்த உரையிலும் இல்லாதது. இருபத்தாறு வருடத்தில் ஒரு பிள்ளையை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

ஆனால் எந்தக் கதையைப் பற்றி என்று குறிப்பிடாமல் விட்டுவிட்டாள். அந்த நோட்டை இப்படிக் கொடுங்கள், சோரின். ஒன்பதுதான் போட முடியும்.